கலங்காத வெள்ளி

சென்னையிலிருந்து வடக்கே 55 கிலோமீட்டர் போய், தடா அருகே இடப்பக்கம் திரும்பினால் ஸ்ரீ சிட்டி. கார், மெட்ரோ ரயில் பெட்டி, சாக்லேட் என எல்லாமே பேரளவில் தயாராகும் ஊர். நான் பார்க்கப் போனதோ கண்ணுக்கே தெரியாத பொருளைச் செய்பவர்களை. அங்குள்ள ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் சர்க்கரைச் சேர்மங்களைக் கொண்டு வெள்ளி நானோ துகள்கள் செய்கிறார்கள்.

வேலை கழுவுவதில் தொடங்குகிறது. சத்தியவேடு பக்கத்து அம்மா ஒருவர் குடுவைகளை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் திரும்பத் திரும்ப அலசிக்கொண்டிருந்தார். “குழாத் தண்ணி ஒரு சொட்டு இருந்தாலும் திரிஞ்சிடும் சார்” என்றார். அந்த நீரிலுள்ள குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளை வீழ்படிவாகிவிடும். தங்கத் துகள் செய்பவர்கள் குடுவை கழுவ ராஜதிராவகம் எடுப்பார்கள். அதிலும் குளோரைடு உண்டு என்பதால் இங்கே அது ஆகாது.

ஆய்வு மாணவி சர்க்கரைக் கரைசலைக் கலக்கியின் மேல் வைத்து, வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டார். கையுறையை மீறிப் பட்ட நைட்ரேட் அவர் விரலில் கறுத்திருந்தது. நிறமற்ற நீர் மெல்ல இளமஞ்சளானது. குளுக்கோஸ் தந்த எலக்ட்ரான்களைப் பெற்று வெள்ளி அயனிகள் உலோகமாகிச் சிறு துகள்களாகத் திரள்கின்றன. அந்தத் துகள்கள் நீல ஊதா ஒளியை உறிஞ்சுவதால் கரைசல் மஞ்சளாகத் தெரிகிறது.

“நிறம் வர்றது பெரிசில்ல சார். ரெண்டு வாரம் கழிச்சும் இதே மஞ்சள் இருக்கணும்” என்றார் மாணவி. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் கரைசல் சாம்பல் நிறமாகி அடியில் படியும். அதைத் தடுக்க, சர்க்கரையோடு நீண்ட கொழுப்புச் சங்கிலியை இணைத்த சேர்மத்தைச் சேர்க்கிறார்கள். அது துகளைச் சூழ்ந்து நின்று மற்றத் துகள்களை நெருங்கவிடாது. 2003இல் வேதியியலாளர் ரவீந்திரனும் அவரது குழுவினரும் அமெரிக்காவில் வெள்ளி உப்போடு குளுக்கோஸ், மாவுச்சத்து, நீர் ஆகியவற்றை மட்டும் கொண்டு வெள்ளித் துகள் செய்து காட்டினார்கள். நச்சு வேதிப்பொருள் இல்லாமல் இதைச் செய்ய முடியும் என்பதற்கு அது பெரிய சான்று.

இத்தனை பாடும் பரப்புக்காக. 1 செ.மீ. பக்கமுள்ள வெள்ளிக் கனசதுரத்தின் எடை 10.5 கிராம், பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக்கினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர். இரண்டரை கிரவுண்டுக்கும் மேல். இந்தத் துகள்களின் வேலை வேதிவினைகளை விரைவுபடுத்துவது; அந்த வினையூக்கம் நடப்பது இந்தப் பரப்பில்தான்.

அந்த வினையூக்கத்தையும் மாணவி செய்து காட்டினார். நைட்ரோஃபீனாலும் சோடியம் போரோஹைட்ரைடும் கலந்த அடர்மஞ்சள் கரைசல் தானாக மாறாமல் அப்படியே கிடந்தது. வெள்ளிக் கரைசலைச் சிறிது விட்டதும் மஞ்சள் வெளிறத் தொடங்கியது. நிறமாலைமானியில் 400 நானோமீட்டரில் இருந்த முகடு தணிய, 300 அருகே புதிய முகடு எழுந்தது. நைட்ரோஃபீனால் அமினோஃபீனாலாகிவிட்டது. பாராசிட்டமால் தயாரிக்க உதவும் மூலப்பொருள் அது.

சர்க்கரை உறை தடிமனானால் துகள் நெடுநாள் நிலைக்கும்; ஆனால் வினைபடும் மூலக்கூறு வெள்ளியைத் தொட முடியாது. மெலிந்தால் வினை வேகமாக நடக்கும், துகள்கள் ஒட்டிவிடும். இரண்டுக்கும் நடுவே சரியான அளவைக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழிலின் நுட்பம். அளவு மாற்றி அளவு மாற்றிச் செய்து, ஒவ்வொன்றின் நிறத்தையும் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் பொறுமையில்தான் அது கைகூடுகிறது. கழிவைக்கூட அவர்கள் தொட்டியில் கொட்டுவதில்லை. வெள்ளி நீர்வாழ் நுண்ணுயிர்களைக் கொல்லும் என்பதால் தனிப் புட்டியில் சேர்க்கிறார்கள். புலிக்காட் ஏரி அருகில் இருக்கும் ஊரில் இந்தக் கவனம் கட்டாயம் வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பு ஆய்வகங்களில் டாலன்ஸ் வினைப்பொருளோடு குளுக்கோஸைச் சூடாக்கி வெள்ளி ஆடி செய்கிறோம். அதுவும் இதே வினைதான்; தடுக்கும் உறை இல்லாததால் வெள்ளி கண்ணாடிச் சுவரில் படிகிறது. ஆசிரியர்களே, அடுத்த முறை அந்தச் சோதனையைச் செய்யும்போது, அதே வெள்ளியை நீரிலேயே நிறுத்தி வேலை வாங்க முடியும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.