உச்சத்துக்குச் சற்றுக் கீழே

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து மன்சி நகரில், 1936இல் தொடங்கப்பெற்ற ‘அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ்’ அமைப்புக்கு ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பறப்புத் திடல் உண்டு. ரேடியோக் கட்டுப்பாட்டில் பறக்கும் மாதிரி விமானங்களில் பல இன்று பேட்டரியில் ஓடினாலும், இத்தகைய திடல்களில் விளக்கெண்ணெய்ப் புகையின் மணம் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை; அந்த மணத்தை எழுப்பும் கிளோ எஞ்சின், ஓட்டுபவரின் செவியையும் விரல்நுனியையும் நம்பி ஓடும் பொறியாகும்.

இதில் ஒவ்வொரு சுற்றுக்கும் மின்பொறி எழுப்பும் அமைப்பு கிடையாது. ரே ஆர்டன் 1940களின் பிற்பகுதியில் விற்பனைக்குக் கொண்டுவந்த கிளோ பிளக்கினுள் பிளாட்டினம் கலந்த கம்பிச்சுருள் ஒன்று இருக்கிறது, ஏறத்தாழ 1.5 வோல்ட் பேட்டரியால் அதைச் சிவக்கக் காய்ச்சி எஞ்சினைக் கிளப்பியபின் பேட்டரியைக் கழற்றிவிடுகிறார்கள், ஏனெனில் எரிதலின் வெப்பமும், பிளாட்டினத்தின் மேல் மெத்தனால் ஆவி அடையும் வினையூக்க மாற்றமும் சேர்ந்து சுருளை அணையவிடாமல் காக்கின்றன.

எரிபொருளின் பெரும்பங்கு மெத்தனால். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். எஞ்சியது, ஆற்றலைக் கூட்டி மெல்லோட்டத்தையும் சீராக்கும் நைட்ரோமீத்தேன். இத்தகைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனி எண்ணெய்த் தேக்கம் இல்லாததால் பேரிங்கும் பிஸ்டனும் எரிபொருளோடு வரும் எண்ணெயால் மட்டுமே உராய்விலிருந்து தப்புகின்றன. தமிழ் வீடுகளில் விளக்கெரிக்கவும் வயிற்றைக் கழுவவும் பயன்பட்ட அதே விளக்கெண்ணெய், அதாவது ஆமணக்கெண்ணெய், பிற எண்ணெய்கள் கைவிடும் வெப்பத்திலும் உலோகத்தைப் பற்றிக்கொண்டு நிற்பதால், செயற்கை எண்ணெய்கள் வந்த பின்னும் இங்கு மதிப்பிழக்கவில்லை. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும், மெத்தனாலுக்கோ ஏறத்தாழ 6.5 கிராம் போதும். ஆகவே அதே காற்றுக்கு இருமடங்குக்கும் மேலான எரிபொருள் உள்ளே செல்ல, அது ஆவியாகும்போது எஞ்சினையும் குளிர்விக்கிறது. எரிபொருளைக் குறைப்பவர் எண்ணெயையும் குளிர்ச்சியையும் சேர்த்தே குறைக்கிறார் என்பதை மறந்தால் இத்தொழில் பிடிபடாது.

கார்புரேட்டரின் ஊசித் திருகு அந்த எரிபொருள் அளவைத்தான் ஆள்கிறது. பயிற்சி விமானங்களில் பரவலான 6.5 சிசி எஞ்சினை முழுவேகத்தில் ஓடவிட்டு, சுழலும் ப்ரொப்பெல்லருக்குப் பின்புறம் நின்றபடி ஊசியைச் சிறிது சிறிதாக உள்ளே திருக, எரிபொருள் மிகுந்த ‘ரிச்’ நிலைக்குரிய கரகரப்பு நீங்கி ஓசை கூர்மையடைந்து உச்சவேகத்தைத் தொடுகிறது. புதியவர் அங்கேயே நிறுத்த விழைவார். தேர்ந்தவர் ஊசியைச் சற்றே வெளியே திருகி, நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகளை விட்டுக்கொடுக்கிறார். இந்த விட்டுக்கொடுப்பே இக்கைவினையின் உயிர்நிலை. பறக்கையில் காற்றோட்டம் ப்ரொப்பெல்லரின் சுமையைக் குறைத்து எஞ்சினை இன்னும் விரைவாகச் சுழலவிடுகிறது, டேங்கில் எரிபொருள் மட்டமும் இறங்குகிறது. இரண்டாலும் கலவை ‘லீன்’ ஆகி, அதாவது எரிபொருள் குறைந்து, தரையில் உச்சத்தில் வைத்த எஞ்சின் வானில் சூடேறி நின்றுவிடக்கூடும். ஆகவே புறப்படுமுன் விமானத்தின் மூக்கை வானோக்கித் தூக்கிப் பிடிக்கிறார்கள்: ஓசை சற்று உயர்ந்தால் ஊசி சரி, தளர்ந்தால் இன்னும் திறக்கவேண்டும்.

மெத்தனால் நஞ்சு, அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாதது, காற்றின் ஈரத்தை உறிஞ்சி எஃகு பேரிங்குகளைத் துருவேற்றவும் வல்லது. அதனால் கடைசிப் பறப்புக்குப்பின் எரிபொருள் குழாயைக் கழற்றி, உள்ளிருப்பது தீரும்வரை எஞ்சினை ஓட்டி, பிறகு சில துளி காப்பெண்ணெயை விட்டுக் கையால் சுற்றிவைக்கிறார்கள். அப்படியும் குளிர்கால மாதங்களில் எஞ்சிய ஆமணக்கெண்ணெய் பிசினாக இறுகி, பிஸ்டன் அசையாமல் நிற்பதுண்டு. வசந்தத்தில் அதை வலிந்து திருப்பாமல், வெப்பக்காற்றால் இளக்கிய பின்பே ப்ரொப்பெல்லரில் கைவைக்கிறார்கள்.