வேலியில்லா வயல்கள்

இங்கிலாந்து நாட்டுப்புறத்தின் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிறு சிறு பச்சை வயல்கள். ஒவ்வொன்றையும் சுற்றி உயிர்வேலி. அந்த வேலிகளில் பல நாம் நினைக்கும் அளவுக்குப் பழைமையானவை அல்ல. 18, 19ஆம் நூற்றாண்டுகளில், நாடாளுமன்றச் சட்டங்களின்வழி பொது வயல்களைப் பிரித்துத் தனித்தனியே அடைத்தபோது நடப்பட்டவை அவை. அதற்குமுன், நடு இங்கிலாந்தின் பல கிராமங்களில் வயல்களுக்கு வேலியே இல்லை.

அந்தப் பழைய முறையில் இன்றும் பயிரிடும் ஊர் லாக்ஸ்டன். நாட்டிங்ஹாம்ஷயர் பகுதியில் உள்ள சிற்றூர் அது. பழைய தேவாலயம் ஒன்றும், நார்மானியர் காலக் கோட்டை இருந்த மண்மேடும் அங்கு உண்டு. ஆனால், என்னை ஈர்த்தவை வயல்கள்தாம். மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் என மூன்று பெருவயல்கள். ஒவ்வொன்றும் நீண்ட பட்டைகளாகப் பிரிக்கப்பட்டுப் பல விவசாயிகளிடம் இருக்கிறது. பட்டைகளுக்கு இடையே வேலியும் இல்லை. நம் ஊர் வரப்பும் இல்லை. ஒரு வயலில் கோதுமை, அடுத்ததில் வேறு பயிர், மூன்றாவது தரிசு என்று ஆண்டுதோறும் முறை மாறும்.

ஒருவருடைய பட்டைகள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. நல்ல மண் ஒருவருக்கும் மோசமான மண் இன்னொருவருக்கும் போய்விடாமல் இருக்கவே முன்னோர் இப்படிப் பங்கிட்டார்கள் என்று விளக்குவார்கள். அதனால்தான் விவசாயிகளின் வீடுகள் வயல் நடுவே இல்லாமல் ஊர்த்தெருவில் வரிசையாக நிற்கின்றன. 1635இல் வரையப்பட்ட ஊர் வரைபடத்தில் இத்தகைய பட்டைகள் 2000க்கும் மேல் இருந்தன. பிற்காலத்தில் பலவற்றை ஒன்றிணைத்து எண்ணிக்கையைக் குறைத்துவிட்டார்கள்.

வேலி இல்லாத இடத்தில், பக்கத்துப் பட்டைக்குள் ஒரு சால் தள்ளி உழுதுவிட்டால் என்ன ஆகும்? ஆண்டுக்கு ஒரு சால் என்றால், சில ஆண்டுகளில் நிலமே கைமாறிவிடும் அல்லவா? இதைப் பார்க்கத்தான், நாட்டிங்ஹாமில் முதுகலை படித்த ஆண்டில், நவம்பர் இறுதியில் ஒருநாள் அங்குச் சென்றேன். குளிரில் காது விறைத்தது. கோதுமை விதைத்த வயலில் நடுவர் குழு இறங்கியிருந்தது. நடுவர்கள் என்றால் கறுப்பு அங்கி அணிந்தவர்கள் அல்லர்; சேறு படிந்த காலணி அணிந்த விவசாயிகள். குனிந்து உழவுசாலைப் பார்த்தார்கள், விவாதித்தார்கள், எல்லையில் முளைக்குச்சியை வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள். எல்லை மீறி உழுதவருக்கு அபராதம் உண்டு. தொகை பெரிதன்று. ஆனால், அக்கம்பக்கத்தார் முன்னிலையில் தம் பெயர் வாசிக்கப்படுவதை யார்தான் விரும்புவார்? அடுத்த வாரம் ஊர் விடுதியில் கூடும் 'கோர்ட் லீட்' என்னும் மன்றம் இவற்றை முடிவுசெய்து, அடுத்த ஆண்டுக்கான பன்னிருவரை நியமிக்கிறது. இன்று அபராதம் விதிப்பவர் மறு ஆண்டே அதைக் கட்ட நேரலாம். இந்த ஏற்பாட்டின் பலமே அதுதான் என்று எனக்குப் படுகிறது.

இம்முறை இலாபகரமானதா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். பெரிய இயந்திரங்களுக்குக் குறுகலான பட்டைகள் தொல்லைதான். இந்த முறை அழிந்துவிடக்கூடாது என்றே 1952இல் வேளாண் அமைச்சு ஊர் நிலங்களை விலைக்கு வாங்கியது. 1981இல் அவை அரசகுல நிலங்களை நிருவகிக்கும் அமைப்பிடம் சென்றன. 2020இல் தோர்ஸ்பி பண்ணை நிருவாகத்திற்குக் கைமாறின. உரிமையாளர் மாறினாலும் முறை தொடர்கிறது. விவசாயக் குடும்பங்கள்தாம் குறைந்துகொண்டே வருகின்றன. முளைக்குச்சி அடிக்க ஆண்டுதோறும் பன்னிருவர் வேண்டும். அவர்கள் அந்த மண்ணை உழுபவர்களாகவும் இருக்க வேண்டும்.