சிலாபத்து இறாலும் வெள்ளவத்தை மழையும்

கொழும்பின் வெள்ளவத்தையில் புகையிரதப் பாதைக்கு அப்பால் விரியும் நீலக்கடல், அடையாற்று முகத்துவாரத்தின் கறுத்த நீரைப் பார்த்துப் பழகிய சென்னைப் பயணிக்குச் சுத்தத்தின் மறுபெயராகவே படுகிறது. நிறத்தைக் கொண்டு நீரை எடைபோடும் அந்த வழக்கம் நுண்ணுயிர்களின் விஷயத்தில் செல்லுபடியாவதில்லை. கரையோரக் கடல்நீரின் ஒரு மில்லிலீற்றரில் ஏறத்தாழப் பத்து லட்சம் பக்டீரியாக்கள் இருப்பது இயல்பு. நீரில் கரைந்துள்ள கரிமப்பொருளை உண்டு வாழும் இவற்றில் பெரும்பாலானவை கடலுக்கே உரியவை, மனிதருக்குத் தீங்கற்றவை. குளிப்போருக்கு அபாயத்தை உணர்த்துபவை நிலத்திலிருந்து வருபவையே: குடலில் வாழும் இ-கோலியும், உப்புநீரில் அதைவிட நீண்டநேரம் தாக்குப்பிடிப்பதால் கடற்குளியலிடங்களின் தூய்மையை அளக்கப் பயன்படும் என்டரோகொக்கஸ் பேரினமும்.

அவை வரும் வழிகள் வெளிப்படையானவை. வெள்ளவத்தையின் வடவெல்லையில் ஒரு கால்வாய் கடலில் கலக்கிறது. கொட்டாஞ்சேனைக்கு வடக்கே, முகத்துவாரம் என்னும் பகுதியை அண்டிக் களனி கங்கை கலக்கிறது. நகரின் கழிவுநீரைக் கொண்டுசெல்லும் குழாய்களும் இவ்விரு பகுதிகளிலிருந்தே கடலுக்குள் நீள்கின்றன. ஆகவே கால்வாய் வாயிலும் அதிலிருந்து சற்றுத் தள்ளிய மணற்கரையும் ஒரே நாளில் இருவேறு கடல்கள். காலமும் அவ்வாறே பிரிக்கிறது. சென்னையில் ஒக்டோபரில் தொடங்கும் வடகிழக்கு மழையே கடலைக் கலக்குகிறது. கொழும்பிலோ மே மாதத்தில் தென்மேற்குப் பருவமும், ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழையும் என அது இருமுறை நிகழ்கிறது. மழை அழுக்கைக் கழுவிவிடும் என்பது ஊர் நம்பிக்கை. கழுவப்பட்டது போய்ச் சேருமிடம் கடல் என்பதையும், முகிலும் சேறும் வெயிலை மறைப்பதால் குடல் பக்டீரியாக்களின் ஆயுள் நீள்கிறது என்பதையும் அந்நம்பிக்கை கணக்கில் எடுப்பதில்லை.

வெள்ளவத்தைச் சந்தையின் மீன்கடையொன்றில் இக்கணக்கு பிசகின்றிப் போடப்படுவதைக் கேட்க நேர்வது பயணிக்கு வியப்பே. யாழ்ப்பாணத்துப் பேச்சுடைய மூதாட்டி ஒருவர் இறாலொன்றைத் தூக்கி, தலையும் உடலும் சேருமிடத்தை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுக் கீழே போடுகிறார். விலைபேரம் தொடங்கும் என்று எதிர்பார்த்தால், “ராத்திரி கொட்டின மழைக்கு ஊத்தையெல்லாம் கடலுக்கைதான் தம்பி, உதை ஆர் தின்னுறது?” என்கிறார். “அம்மா, இது சிலாபத்து இறால். வெள்ளவத்தைக் கடலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கடைக்காரர் குரலை உயர்த்துகிறார்.

புவியியல் கடைக்காரர் பக்கம்: சிலாபம் கொழும்புக்கு வடக்கே தொலைவில் இருக்கிறது. ஆனால் மூதாட்டியின் ஐயத்துக்கு அவரே அறியாத வேறொரு ஆதாரம் உண்டு: விப்ரியோ என்னும் பக்டீரியாப் பேரினம் சாக்கடையிலிருந்து வருவதன்று, களப்பிலும் கழிமுகத்திலும் இயல்பாகவே வாழ்ந்து, வெதுவெதுப்பான, உப்புக் குறைந்த நீரில் பெருகுவது. அதன் ஓரினமான விப்ரியோ பாராஹீமொலிட்டிக்கஸ், 1950இல் ஜப்பானின் ஒசாகாவில் அரைகுறையாக உலர்த்திய மீன்குஞ்சுகளை உண்ட 272 பேர் நோயுற்று 20 பேர் இறந்தபோது, சுனெசபுரோ ஃபுஜினோவால் கண்டறியப்பட்டது. சிலாபத்துக் களப்பை அண்டிய இறால் குளங்களில் மழைநீர் சேர்ந்து உப்பு குறையும்போது இப்பேரினத்துக்கு வசதியான சூழலே உருவாகிறது. நன்றாக வேகவைத்தால் அது மடியும். தேசிக்காய்ப்புளியில் ஊறவைப்பதை மட்டும் நம்ப முடியாது.

தர்க்கம் முற்றி, பக்கத்துக் கடைக்காரரும் நியாயம் சொல்ல வந்தபின், விலையில் ஐம்பது ரூபாய் குறைகிறது. மூதாட்டி அரைக்கிலோ வாங்குகிறார், “தலையைக் கிள்ளிப்போட்டுத் தா” என்ற கட்டளையோடு. பக்டீரியாக்கள் செறிந்திருக்கும் செரிமான உறுப்புகளின் பெரும்பகுதி இறாலின் தலையில்தான் இருக்கிறது.