மொட்டைமாடியில் ஒரு பிடி உள்ளி

திருவனந்தபுரத்தில் சின்ன வெங்காயத்துக்கு உள்ளி என்று பெயர். பழைய தமிழ்ச் சொல்தான். பக்கத்துக் குமரி மாவட்டத்தில் இன்றும் புழங்குகிறது. சொல்லைப் போலவே சரக்கும் தமிழ்நாட்டுடையது. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் 18-ம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய சாலை கடைவீதிக்கு, திண்டுக்கல், பெரம்பலூர் போன்ற வறண்ட பகுதிகளிலிருந்து லாரியில் வந்து இறங்குகிறது.

வெளியூர்க் காய்கறி என்றாலே இந்நகரவாசிகளுக்குச் சந்தேகம். வெள்ளாயணி வேளாண் கல்லூரி ஆய்வகம் 2010-களில் காய்கறிகளின் பூச்சிமருந்து எச்சத்தைச் சோதித்து வெளியிடத் தொடங்கியதும் அது வலுத்தது. மொட்டைமாடிகளில் குரோ பேக்குகள் வரிசைகட்டின. வெண்டையும் பயறும் எளிதாக விளைந்தன. உள்ளிதான் அடம்பிடித்தது.

காரணம் மழை. ஜூனில் தொடங்குவது ஓய்வதற்குள் துலாமழை வந்துவிடும். ஈரம் தங்கினால் கிழங்கு அழுகும். செம்மண்ணின் புளிப்பும் ஒத்துக்கொள்ளாது. சுண்ணாம்பு கலக்க வேண்டும். டிசம்பரில், நன்கு காய்ந்த பழைய வெங்காயத்தை நுனி வெளியே தெரிய ஊன்றுகிறார்கள். ஒன்று நாலைந்தாகப் பிரியும். இரண்டரை மாதத்தில் தாள் சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்திப் பிடுங்கி, நிழலில் உலர்த்துகிறார்கள். அதுவரை தாளை அரிந்து பொரியலுக்குப் போடலாம்.

விளைந்ததற்கு உரிய மரியாதை தீயல். தேங்காய்த் துருவலைக் கருஞ்சிவப்பாக, ஆனால் கருகாமல் வறுக்க வேண்டும். மல்லியும் மிளகாயும் சேர்த்து விழுதாக அரைக்க வேண்டும். முழு உள்ளியைத் தேங்காயெண்ணெயில் வதக்கி, புளிக்கரைசலில் கொதிக்கவிட்டு விழுதைக் கலந்தால், எண்ணெய் பிரிந்து மேலே வரும். சவாள எனப்படும் பெரிய வெங்காயத்துக்கு இது சரிவராது, கரைந்து போகும். 1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. தீயல் மட்டும் எல்லையின் இருபுறமும் தங்கிவிட்டது.

நாலைந்து பை உள்ளி ஒருநாள் தீயலுக்குப் போதும். மறுநாள் சாலைக்குத்தான் போக வேண்டும். ஆனால் போகிறவரின் பார்வை மாறியிருக்கும். இலைப்பேன் தாக்கித் தாள் வெளுத்தபோது அவரும் மருந்துக்கடையை நினைத்தவர்தான். அவருக்குப் போனால் ஒரு பை. கடன் வாங்கி ஏக்கர் கணக்கில் ஊன்றியவருக்கு அந்த வருஷமே போய்விடும். மாடித்தோட்டம் அவரைச் சாலையிலிருந்து விடுவிக்கவில்லை. லாரி புறப்பட்ட வயலைத்தான் கொஞ்சம் கிட்டத்தில் காட்டியிருக்கிறது.