பனியில் நடராஜா சர்வீஸ்!

பனிச்சறுக்கு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஜேம்ஸ்பாண்ட்தான். மலை உச்சியிலிருந்து 'விர்ர்'ரென்று இறங்குவார். பின்னாலேயே நாலு வில்லன்கள் சுட்டுக்கொண்டு வருவார்கள். நான் சொல்லப்போவது அது இல்லை சார். இதில் உச்சியும் கிடையாது, வில்லனும் கிடையாது. பனியில் வழுக்கிக்கொண்டே நடக்கிற நடராஜா சர்வீஸ்! 'கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங்' என்று பெயர்.

இடம்: சுவிட்சர்லாந்தின் தென்கிழக்கு மூலையில், எங்காடின் பள்ளத்தாக்கு. இங்கே பெரிய ஊர் செயின்ட் மோரிட்ஸ். 1928, 1948 என்று இரண்டு தடவை குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த ஊர். கோடீஸ்வரர்களின் ஊர் என்பது கடைவீதியிலேயே தெரிந்துவிடுகிறது. ஒரு ஷோகேஸில் வாட்ச்சுகள். விலைச்சீட்டைக் காணோம். விலை கேட்கிறவனுக்கு வாட்ச் கிடையாது என்று அர்த்தம் போலிருக்கிறது!

ஊரைத் தாண்டினால் கதையே வேறு. ஸில்ஸ், சில்வாப்ளானா என்று ஏரிகள், உறைந்து கிடக்கின்றன. அவற்றின் மேலேயே, தண்டவாளம் மாதிரி பனியில் இரண்டு பள்ளக் கோடுகள். மெஷின் ஓட்டிப் போடுகிற இந்தப் பாதைக்கு 'லாய்ப்பே' என்று பெயர். இந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 200 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.

வாடகைக் கடையில் ஸ்கீ கொடுத்தார்கள். மூன்று விரல் அகலம், என்னை விட உயரம். ஷூவின் நுனி மட்டும்தான் மாட்டியிருக்கும், குதிகால் ஃப்ரீ. காலுக்கு நேர் கீழே மீன் செதில் மாதிரி வெட்டுகள். அழுத்தி மிதித்தால் பனியைப் பிடிக்கும், அழுத்தம் குறைந்தால் வழுக்கும். இவ்வளவுதான் டெக்னாலஜி.

கற்றுக்கொடுத்தவர் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. "மொத்த வெயிட்டையும் ஒரு கால்ல போடுங்க. பயப்படாதீங்க, இன்னொரு கால் தானா வரும்" என்றார். பி.காம். பாஷையில் சொன்னால், முழு முதலையும் ஒரே கம்பெனியில் போடச் சொல்கிறார்!

மைனஸ் பத்து டிகிரி குளிரில், அரை மணி நேரத்தில் முதுகில் வியர்வை. பக்கத்துக் கோட்டில் ஒரு தாத்தா விசில் அடித்தபடி என்னைத் தாண்டிப் போனார். வேகமாக இறங்குகிற ஸ்கீயிங்கில் கேபிள் கார் உங்களை மேலே கொண்டுபோய் விட்டுவிடும். இங்கே தூக்கிவிட ஆள் கிடையாது. பாங்க் முதலாளியானாலும் பாங்க் கிளார்க்கானாலும் அவரவர் மூச்சை அவரவர்தான் வாங்க வேண்டும்.

இதற்கென்றே ஒரு திருவிழா உண்டு. 1969ல் தொடங்கிய எங்காடின் ஸ்கீ மாரத்தான். மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு, பத்தாயிரம் பேருக்கு மேல் மலோயாவில் கிளம்பி 42 கிலோமீட்டர் தள்ளி ஸ்சான்ஃப் என்ற ஊரில் முடிப்பார்கள். (ஊர்ப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், தும்மல் மாதிரி வரும்.) சூரர்கள் ஒன்றரை மணிக்குள் முடித்துவிடுவார்கள். மற்றவர்கள் சாவகாசமாக வருவார்கள். வழியில் ஸ்டாட்ஸ் காட்டுக்குள் ஒரு சரிவு. அங்கே மரங்களுக்கு மெத்தை கட்டிவிடுகிறார்கள். மோதுகிறவர்கள் அவ்வளவு பேர்!

சிரித்துக்கொண்டிருந்த அந்த அம்மா என்னை மோர்ட்டராட்ச் ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போனபோது கொஞ்சம் மௌனமானார். 1908ல் இங்கே ரயில் வந்தபோது பனியாறு ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருந்ததாம். இப்போது அதைப் பார்க்க ஒரு மணி நேரம்போல நடக்க வேண்டும். வழியெங்கும் போர்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு வருஷம். அந்த வருஷம் பனி இதுவரை இருந்தது என்று அர்த்தம். 1878ல் அளக்க ஆரம்பித்ததிலிருந்து இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. பூமி சூடாகிற கணக்கை இவ்வளவு சுருக்கமாக எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் நான் பார்த்ததில்லை.

"எங்கப்பா என்னைக் கூட்டிட்டு வந்தப்போ சீக்கிரமா வந்து சேர்ந்துட்டோம்" என்றார் அந்த அம்மா. "என் பேரன் பாவம், கால் வலிக்குதுங்கறான்."

லீவு சேர்த்து வைத்துக்கொண்டு 'அப்புறம் பார்க்கலாம்' என்றிருப்பவர்கள் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் கிளம்பிவிடுங்கள். ரொம்பத் தள்ளிப்போட்டால் நடக்க வேண்டிய தூரம்தான் கூடும்.