மெல்லச் சென்றால் நின்றுவிடும் வண்டி

எமது வீட்டுக் கொட்டிலில் ஒரு மொறிஸ் மைனர் வண்டி உண்டு. 1958 ஆம் ஆண்டிற் செய்யப்பட்டது. எம்மிலும் வயதில் மூத்ததாகையால் அதனை வாய்க்கு வந்தபடி ஏசுவதற்கு எமக்கு உரிமையில்லை என்று அன்னையார் சொல்வதுண்டு. தந்தையார் ஆசிரியத் தொழிலில் ஈட்டிய பணத்திற் சிறிது சிறிதாக மிச்சம் பிடித்து, முன்னொருவர் ஓட்டிக் கழித்த வண்டியாக அதனை வாங்கினார். அவர் காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய நினைவாக வீட்டில் எஞ்சியிருப்பவை ஒரு சாய்மனைக் கதிரையும் இவ்வண்டியுமே.

சென்ற ஆண்டு வண்டிக்கு ஒரு விசித்திரமான நோய் கண்டது. காங்கேசன்துறை வீதியில் மணிக்கு முப்பது மைல் வேகத்திற் செல்லும்போது யாதொரு குறையுமின்றி ஓடும். சந்தி வந்து வேகத்தைத் தணித்து, அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தோமோ இல்லையோ, இரண்டு முறை உடலை உலுக்கி, ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிடும். மீண்டும் இயக்கினால் ஒன்றுமே நடவாதது போல ஓடும். பள்ளிக்கூடம் புறப்படும் வேளையில் வயிற்றுவலி கண்டு, மணி ஒன்பதானதும் குணமடைந்துவிடும் பிள்ளையின் நடத்தையே அதன் நடத்தையும்.

இது நகைப்புக்குரிய காரியமாகவே எமக்குத் தோன்றியது, ஒரு நாட் காலை வரையில்.

அன்று அன்னையாரைக் கண் வைத்தியரிடம் அழைத்துச் சென்றுகொண்டிருந்தோம். அவருக்கு எண்பத்திரண்டு வயது. பிறர் கைகொடாமல் வண்டியை விட்டு இறங்கமாட்டார். கொக்குவிலிற் புகையிரதக் கடவையின் மேட்டில் வழக்கம்போல வேகத்தைக் குறைத்தோம். முன்சில்லுகள் தண்டவாளத்தைக் கடந்தன. வண்டி உடலை உலுக்கியது, நின்றது. அதே சமயம் எச்சரிக்கை மணி ஒலிக்கத் தொடங்கியது. 1990 இல் நின்றுபோன யாழ்தேவி 2014 இல் யாழ்ப்பாணத்துக்கு மீண்டு வந்தபோது மாலையிட்டு வரவேற்றவர்களுள் நாமும் ஒருவர். அன்று அந்த யாழ்தேவியை நாம் சிறிதும் விரும்பவில்லை. சாவியைத் திருப்பினோம்; இயந்திரம் முனகியதேயன்றி எழவில்லை. வீதியோரம் நின்ற இரண்டு இளைஞர்கள், நாம் அழைக்கும் முன்னரே ஓடிவந்து தள்ளிவிட்டார்கள். அவர்களுக்கு நன்றி கூறவும் எமக்கு நா எழவில்லை. பின்னாசனத்தில் அன்னையார் கண்களை மூடியபடி, “அப்பா இருந்தால் இதை இப்பிடி நிக்க விட்டிருக்கமாட்டார்” என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு வீட்டில் ஒரு மகாநாடு நடந்தது. பழைய வண்டிகளைச் சேர்க்கும் அன்பர் ஒருவர் கொழும்பிலிருந்து முன்னரே விலை பேசியிருந்தார். மாத முடிவுக்குள் நோய் தீராவிடில் வண்டியை அவருக்குக் கொடுத்துவிடுவது என்று மனைவி தீர்மானம் கொண்டுவர, அன்னையார் ஒன்றும் பேசாதிருக்க, தீர்மானம் நிறைவேறிற்று.

நோய் என்றால் வைத்தியம் சொல்வதற்கு ஆட்களுக்கா பஞ்சம்? மைத்துனர் பிளக்கின் மேற் குற்றம் சாட்டினார். நான்கு பிளக்குகளும் மாற்றப்பட்டன. அயல்வீட்டு அன்பர் கொயிலைச் சந்தேகித்தார், கொயிலும் புதிதாயிற்று. ஒரு கராச்சில் பெற்றோல் பம்பே பிழை என்று சொல்லி, ‘டிக், டிக்’ என்று நன்றாகவே நாடி பேசிக்கொண்டிருந்த பம்பைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டினார்கள். கைப்பணம் கரைந்தது. நோயோ எள்ளளவும் தணியவில்லை.

கடைசியில் நல்லூர்ப் பக்கத்தில் வசிக்கும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் போனோம். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். தொழிலை விட்டு ஓய்ந்திருப்பவர். மாற்றிய உறுப்புகளின் பட்டியலை நாம் ஒப்புவித்தபோது அவர் குறுக்கிட்டார்.

“தம்பி, என்ன மாத்தினீர் எண்டு நான் கேக்கேல்லை. எப்ப நிக்குது எண்டு சொல்லும்.”

“மெதுவாகப் போகும்போதுதான் ஐயா.”

“ஓட்டத்தில நிக்கிறதில்லையோ?”

“ஒருநாளும் இல்லை.”

“சோக்கை ஒரு சொட்டு இழுத்துவிட்டால்?”

நாம் சிந்தித்தோம். காலையில் சோக்கை இழுத்து இயக்கிய பின், அதனை முழுதும் தள்ள மறந்துபோன நாட்களில் வண்டி சந்திகளில் நின்றதில்லை என்பது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அதைச் சொன்னோம்.

“அப்ப நோயாளி தன்ர வாயாலயே சொல்லிப்போட்டான். நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை” என்று சொல்லி அவர் எழுந்தார்.

அவர் விளக்கியதை மாணவ நேயர்களின் பொருட்டுச் சிறிது விரித்துரைப்போம். பெற்றோல் போதிய அளவு வந்து சேராவிடில், அதிகம் குடிக்கும் வேகத்திலேயே வண்டி முதலில் தவிக்கும். ஆகவே பம்ப் குற்றவாளியன்று. பிளக்கும் கொயிலும் தளர்ந்திருந்தால், பாரம் இழுக்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் இயந்திரம் தடுமாறும். சோக்கை இழுப்பதனால் அக்குறை தீராது. சோக்கின் வேலை காற்றோடு சேரும் பெற்றோலின் பங்கைக் கூட்டுவது. அதனைச் சிறிது இழுத்ததும் நோய் தணிகிறதென்றால், மெல்லச் செல்லும் வேளையிற் கலவையிற் காற்று மிகுந்து பெற்றோல் குறைகின்றது என்பதே பொருள். அந்த மிகுதிக் காற்று எங்கிருந்து வருகின்றது என்பதே தேடவேண்டிய விஷயம்.

வண்டி மெல்லச் செல்லும்போது, காபரேற்றரின் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். அப்போது இயந்திரம் உறிஞ்சும் காற்று மிகச் சொற்பம். ஆனால் கதவுக்கு அப்பால் இழுவிசை மிகப் பலம். அந்த இடத்தில் ஒரு நூலளவு வெடிப்பு இருந்தாலும் வெளிக்காற்று அதனூடாகப் பாய்ந்து உட்புகும். கதவு விரியத் திறந்து ஓடும்போதோ, உட்செல்லும் பெருங்காற்றில் அக்களவுக் காற்று ஒரு பொருட்டேயன்று. ஒரு கரண்டி நீர் ஒரு குடம் பாலில் விழுந்தால் தெரிவதில்லை. அதுவே ஒரு சிரட்டைப் பாலில் விழுந்தால் பால் கெட்டுப்போகும்.

முதியவர் இயந்திரத்தை இயக்கிவிட்டு, ஒரு முழ நீள றப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைக் காபரேற்றரைச் சுற்றி மெல்ல நகர்த்தினார். ஓரிடத்தில் அவர் கை நின்றது. குழாயை எம்மிடம் தந்தார். சீழ்க்கை போன்ற மெல்லிய ஒலி கேட்டது. அவ்விடத்திற் சிறிது எண்ணெயைத் தடவினார். தடுமாறிக்கொண்டிருந்த இயந்திரம் சில விநாடிகள் சீராக ஓடி, எண்ணெய் உள்ளே இழுபட்டதும் மீண்டும் தடுமாறிற்று. சிலர் இச்சோதனையைப் பெற்றோல் தெளித்துச் செய்வதுண்டாம். இவ்வண்டியிற் கொதிக்கும் புகைபோக்கிக் குழாய் காபரேற்றருக்குக் கீழேயே அமைந்திருப்பதால், அது வண்டியோடு வீட்டையும் எரிக்கும் விளையாட்டு என்று அவர் எச்சரித்தார்.

இரண்டு நட்டுகளைக் கழற்றிக் காபரேற்றரை வெளியே எடுத்தார். அதற்கும் மனிபோல்டுக்கும் இடையே இருந்த கஸ்கெற் இரண்டாக வெடித்திருந்தது. கடையில் விற்பதன்று அது. கத்தரிக்கோலால் வெட்டிய ஒரு துண்டு அட்டை. எண்ணெயூறிக் கறுத்திருந்த அதன் ஒரு புறத்தில், உற்று நோக்கினால் அச்செழுத்துகள் தெரிந்தன: 7 × 8 = 56; அதன் கீழே 7 × 9 = 63.

அது அப்பியாசக் கொப்பியின் பின்னட்டை. எமது கொப்பியின் பின்னட்டை.

1993 ஆம் ஆண்டு அது. பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கண்ணிற் காணாப் பொருளாகி, யாழ்ப்பாணத்து வண்டிகளெல்லாம் மண்ணெண்ணெயிற் புகை கக்கிக்கொண்டு ஓடிய காலம். குளிர்ந்திருக்கும் இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலிற் காத்து வைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு இயக்கி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். உதிரி உறுப்புகளோ கடைகளிற் கிடைப்பதில்லை. கொப்பிகளும் அருமையாயிருந்த அந்நாளில் எமது கணிதக் கொப்பியின் பின்னட்டை ஒருநாட் காணாமற் போயிற்று. நாம் உடனே தங்கையைக் குற்றவாளியாக்கினோம். அவளுக்கு அப்போது எட்டு வயது. படம் வெட்டி ஒட்டும் பழக்கம் உடையவள். காதைப் பிடித்துத் திருகினோம். “நான் எடுக்கேல்லை அண்ணா” என்று அவள் அழுதாள். அடுத்த நாள் தந்தையார் அக்கொப்பிக்குப் பழைய பத்திரிகைத் தாளினால் உறை போட்டுத் தந்தார். அவரிடம் நாம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

காபரேற்றரின் மேற்பகுதியை மட்டும் தனியே கழற்றித் துப்புரவு செய்யலாம் என்பதால், பின்னாளில் வண்டியைத் திருத்தியவர்கள் எவரும் அந்த அட்டையைக் காணவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அது அங்கேயே இருந்தது.

கையில் அதனை வைத்துக்கொண்டு நின்றபோது வேறோர் இரவும் நினைவுக்கு வந்தது. 1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவில் வீடு வாசல்களை விட்டுத் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்த இரவு. மழையில், நாவற்குழிப் பாதையில், இலட்சக்கணக்கானோரின் நடுவே எமது வண்டி அங்குலம் அங்குலமாக ஊர்ந்தது. பின்னாசனத்தில் எழுந்து நடக்க இயலாத பாட்டியாரும், அவர் மடியில் தங்கையும் இருந்தனர். அந்த இரவைப் போல் அவ்வளவு மெதுவாக அவ்வண்டி அதற்கு முன்னும் பின்னும் சென்றதில்லை. அன்று ஒரு தடவையேனும் அது தானாக நின்றதில்லை. நின்றிருந்தால் வண்டியை அங்கேயே கைவிட்டு, பாட்டியாரைச் சுமந்துகொண்டு நடந்திருக்க வேண்டும்.

முதியவர் புதிய கஸ்கெற்றை வைத்துப் பூட்டினார். பின்னர் காபரேற்றரினுள் ஏறியிறங்கும் உந்தியைச் சிறிதளவு உயர்த்திப் பார்த்தார். அப்போது ஓட்டம் ஒரு கணம் உயர்ந்து பழைய நிலைக்கு மீண்டாற் கலவை சரி. உயர்ந்தபடியே நின்றாற் பெற்றோல் மிகை. தளர்ந்து நிற்கப் போனாற் பெற்றோல் குறை. கீழேயுள்ள நட்டைச் சிறிது திருப்பி அளவைச் சரிசெய்தார். கூலியாக அவர் கேட்ட தொகை, நாம் வாங்கிய நான்கு பிளக்குகளின் விலையிலும் குறைவு.

“அட்டை வெட்டினது ஆர்?” என்று கேட்டார்.

“தகப்பனார்.”

“நல்லா வெட்டியிருக்கிறார்” என்றார் அவர். அவ்வளவே.

அன்றிரவு ரொறன்ரோவில் இருக்கும் தங்கையைத் தொலைபேசியில் அழைத்து விஷயத்தைச் சொன்னோம். சிறிது நேரம் அவளிடமிருந்து பேச்சில்லை. பிறகு சிரித்தாள். “அண்ணா, அப்ப என்ர காதைத் திருகின கணக்கு என்னமாதிரி?” என்றாள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அவளை இதே வண்டியில் நயினாதீவுப் படகுத்துறை வரை அழைத்துச் செல்வதாக வாக்களித்திருக்கின்றோம்.

கொழும்பு அன்பருக்கு வண்டி விற்பனைக்கில்லை என்று அறிவித்தாயிற்று. தீர்மானம் கொண்டுவந்த மனைவியே அதனை வாபஸ் பெற்றார். அட்டைத் துண்டைத் தந்தையாரின் மூக்குக்கண்ணாடிக் கூட்டினுள் வைத்திருக்கின்றோம். சென்ற கிழமை அன்னையாரை மீண்டும் கண் வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். கொக்குவிற் கடவையில் வண்டி ஆமைபோல் ஊர்ந்து, முணுமுணுத்துக்கொண்டு அப்பால் ஏறிற்று. அன்னையார் இம்முறை கண்களை மூடவில்லை.

“இன்னும் கொஞ்சம் மெதுவாப் போ தம்பி. எனக்கொண்டும் அவசரமில்லை” என்றார்.