145 குதிரைகளும் நானும்

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் வளர்ந்தவர்களுக்கு எம்.டி. 90 என்னும் மோட்டார் சைக்கிளை அறிமுகஞ் செய்யவேண்டியதில்லை. யப்பானிய அஞ்சற்சேவகர்கள் கடிதம் விநியோகிப்பதற்கென ஹொண்டா நிறுவனத்தார் ஆக்கிய அச்சிறு சிவப்பு வண்டி, எங்கள் குடாநாட்டிலே ஆசிரியரையும் மீன் வியாபாரியையும் புதுமணத் தம்பதிகளையும் வெங்காய மூட்டையையும் ஒரே பொறுமையுடன் சுமந்து வந்திருக்கின்றது. கையாற் பிடிக்கும் கிளச் அதற்கில்லை. காலால் மிதித்தாற் கியர் மாறும். எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. பெரியப்பாவிடமிருந்து அப்பாவின் கைக்கு வந்த அந்த வண்டியிலேதான் நான் ஓடப் பழகினேன்.

அதைவிடப் பெரிய வண்டி எதனையும் ஓட்டுவதில்லை என்று அம்மாவுக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். 2019ஆம் ஆண்டில், உயர்தர வகுப்பில் என்னருகே அமர்ந்து படித்த நண்பன், புதிதாக வாங்கிய தனது 150 சி.சி. வண்டியுடன் ஏ-9 வீதியில் ஒரு மாலைப்பொழுதிலே மாண்டுபோனான். கிளச் பிடிப்பதை நான் கற்றுக்கொண்டதும் அவனுடைய அந்த வண்டியிலேதான். செத்தவீட்டில் அவனுடைய தாயார் தலைக்கவசத்தை மடியில் வைத்தவாறு இருந்ததைக் கண்டுவந்த அம்மா, அன்றிரவு எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அவ்வாக்கைப் பெற்றார். அதை நான் ஐந்து ஆண்டுகள் காத்தேன். இக்கட்டுரை அது மீறப்பட்ட கதையாகும்.

2024 ஆவணியில், பெரியப்பாவின் மகளுடைய திருமணத்தின் பொருட்டு ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோ பகுதிக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. மணமகளின் தமையனார், நான் அண்ணா என்றழைப்பவர், என்னிலும் இருபது வயதுக்கு மேல் மூத்தவர். திருமண ஆரவாரம் ஓய்ந்தபின் ஓர் இரவு அவர் தமது வாகனக் கொட்டிலின் கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். அங்கே நின்றது யமஹா எப்.ஜே.ஆர். 1300.

நெடுந்தூரம் களைப்பின்றிச் செல்லவும், வேண்டுமிடத்துப் பந்தய வண்டிபோல் விரையவும் வல்ல ஓர் இனத்தைச் சேர்ந்தது அது. 1976இல் பி.எம்.டபிள்யு நிறுவனம், காற்றுச் சுரங்கத்திற் சோதித்து வடிவமைத்த முழுக்கவசத்துடன் ஆர்.100 ஆர்.எஸ். என்னும் வண்டியை வெளியிட்டபோது இவ்வினத்திற்கு ஒரு தெளிவான உருவம் கிடைத்தது எனலாம். எப்.ஜே.ஆர். 2001இல் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தது. நான்கு உருளைகள், 1298 சி.சி. கொள்ளளவு, ஏறத்தாழ 145 குதிரைவலு. சங்கிலிக்குப் பதிலாகச் சுழல்தண்டு ஒன்று பின்சக்கரத்தை இயக்குகின்றது. எங்கள் வீட்டு வண்டியைப்போல் பதினான்கு வண்டிகளின் இயந்திரங்களை ஒன்றுசேர்த்தாலும் அதன் கொள்ளளவை எட்டமாட்டா.

ஆயினும் என்னை முதலில் மலைக்க வைத்தது குதிரைவலுவன்று, எரிபொருட் தாங்கியே. அது 25 லீற்றர் கொள்வது. 2022ஆம் ஆண்டில் கியூ.ஆர். முறையில் பெற்றோல் பங்கிடப்படத் தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரமொன்றுக்கு 4 லீற்றரே கிடைத்தது. அதற்காக வரிசையில் நின்று நின்று அப்பாவின் கால்கள் வீங்கியதை நான் மறந்தேனல்லேன். ஆறு வாரங்களுக்கு மேற்பட்ட எங்கள் பங்கு அந்த ஒரு தாங்கிக்குள் அடங்கிக் கிடந்தது!

“ஓடிப் பாக்கிறியோ?” என்றார் அண்ணா. என்னிடம் இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரமும் சர்வதேச அனுமதிப்பத்திரமும் இருந்தன. காப்புறுதிக்குரிய ஒழுங்குகளையும் அவர் முன்னரே செய்திருந்தார். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு மட்டுமே தடையாக நின்றது. அதைப் பற்றி அவரிடம் நான் ஒன்றுஞ் சொல்லவில்லை.

ஞாயிறு விடியற்காலையில், கடைத்தொகுதியொன்றின் வெறுமையான வாகனத் தரிப்பிடத்திற் பாடம் தொடங்கிற்று. ஏறத்தாழ 290 கிலோகிராம் நிறையுள்ள அந்த வண்டி அசையாது நின்றபோது கட்டை அவிழ்க்க மறுக்கும் எருமையைப் போன்றிருந்தது. கிளச்சை மெல்ல விட்டேன். எக்சிலறேற்றரைத் தொடுமுன்னரே அது நகரத் தொடங்கிற்று. வியப்பு நீங்குமுன் திருப்பம் வந்தது. பழக்கதோஷத்தால் முன்பிறேக்கைப் பிடித்துவிட்டேன். கைபிடி திரும்பியிருந்த நிலையில் வண்டி முழுவதும் ஒரு பக்கமாகச் சரிந்தது. அண்ணா ஓடிவந்து தாங்கியிராவிடில் இருவரும் நிலத்திற் கிடந்திருப்போம்.

“நிலத்தைப் பாராதை. நிலத்தைப் பாத்தா நிலத்துக்குத்தான் போவாய். போகவேண்டிய இடத்தைப் பார்” என்றார்.

பின்பிறேக்கைச் சற்றே மிதித்தபடி, கிளச்சை முழுதும் விடாது, வட்டமிடும் வித்தையை அவர் செய்து காட்டினார். நடந்துசெல்பவனின் வேகத்தில் அப்பெரும் வண்டி அவர் கையில் ஒரு துவிச்சக்கர வண்டியைப்போற் சுழன்றது. எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன விடையை நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

1990இன் பின் வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில், சூப்பிப் போத்தலில் வைத்த சிறிது பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயிலே அந்த எம்.டி. 90ஐ ஓட்டப் பழகியவர் அவர். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி யாழ்ப்பாண நகரமும் வலிகாமமும் இடம்பெயர்ந்த இரவில், பெரியம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, முன்னே ஒரு பெட்டியும் வைத்து, தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டிருக்கிறார். நாவற்குழிப் பாலத்தை அண்மித்த வீதியிற் கால் வைக்க இடமில்லை, மழை வேறு. முன்னால் நடப்பவரின் குதிகாலில் முட்டாமல், வண்டியை நிறுத்தவும் முடியாமல் (நின்றால் மீண்டும் உயிர்ப்பிக்கப் பெற்றோல் இல்லை) விடியும்வரை அங்குலம் அங்குலமாக ஓட்டியிருக்கிறார்.

“வேகமா ஓடுறது வண்டியின்ரை கெட்டித்தனம். மெதுவா ஓடுறதுதான் ஓடுறவன்ரை கெட்டித்தனம்” என்று கூறிவிட்டு, தலைக்கவசத்தை என்னிடம் நீட்டினார்.

நகரத்தைக் கடக்கும்வரை நான் பின்னால் அமர்ந்திருந்தேன். லின்ட்சே, பாப்கேஜன் ஆகிய ஊர்களைத் தாண்டி 507ஆம் இலக்க வீதியை அடைந்ததும் இடம் மாறினோம். ஏறத்தாழ 40 கிலோமீற்றர் நீளமான அவ்வீதி, கருங்கற் பாறைகளுக்கும் ஊசியிலை மரங்களுக்கும் இடையே வளைந்து வளைந்து வடக்கே செல்கின்றது. இடப்பக்கம் ஓடிப் பழகிய மனம் வலப்பக்கத்திற் செல்லவேண்டும் என்பதை ஒவ்வொரு நிமிடமும் எனக்கு நானே நினைவூட்ட வேண்டியிருந்தது.

தரிப்பிடத்தில் என்னைத் தள்ளாட வைத்த அந்நிறை, முப்பது கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டியதும் எங்கேயோ மறைந்துவிட்டது. வலப்பக்கம் திரும்ப வேண்டுமாயின் வலக் கைபிடியை மெல்ல முன்னோக்கி அழுத்தினாற் போதும். வண்டி தானே சாய்ந்து வளைவினுட் புகுந்தது. வளைவின் முடிவைக் கண்கள் தேடின; கண்கள் சென்ற வழியே வண்டியும் சென்றது. பொத்தானொன்றை அழுத்தக் கண்ணாடித் தடுப்பு மேலெழுந்தது. மார்பில் மோதிய காற்று தலைக்கு மேலாற் போயிற்று. இயந்திரத்தின் ஓசையோ, பக்கத்து வீட்டுத் தையல் இயந்திரத்தினதைப்போல் அடங்கியிருந்தது.

வீதி நேராகிய ஓரிடத்தில், அறுபதிலிருந்து அவ்வீதியின் எல்லையான எண்பதுக்குச் செல்ல எண்ணி மணிக்கட்டைச் சிறிதே திருப்பினேன். ஒரு மூச்சு இழுத்து விடுமுன் முள் எண்பதைக் கடந்து நின்றது. அதிர்வில்லை, இரைச்சலில்லை, எதையோ செய்துவிட்டோம் என்ற உணர்வுதானுமில்லை. உடனே கையைத் தளர்த்தினேன். அப்போதுதான் நண்பனின் நினைவு வந்தது.

அவன் பைத்தியக்காரத்தனமாக ஓடினான் என்றே ஊரார் கூறினர். நானும் அவ்வாறே நம்பி, அவன்மேல் உள்ளூரக் கோபமும் கொண்டிருந்தேன். எங்கள் எம்.டி. 90இல் அறுபதை எட்டுவதாயின் முதுகை வளைத்து, காற்றோடு போராடி, வண்டி நடுங்கக் கேட்டுப் பெறவேண்டும். அங்கே வேகம் உழைப்பின் ஊதியம். அதன் விலை உடலுக்குத் தெரியும். வலிய வண்டியிலோ வேகம் கேளாமலே வந்து சேருகின்றது. அவன் வண்டி இதைப்போல் வலியதன்று. ஆனால் பத்தொன்பது வயதில், சிறு வண்டியிற் பழகிய கைகளுக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கும். அவன் மரணத்தைத் துரத்திச் செல்லவில்லை. வேகம் வந்துவிட்டதை அறியாதிருந்தான், அவ்வளவே. வண்டி தராத தடையை ஓட்டுபவனே தனக்கு இட்டுக்கொள்ள வேண்டும் என்பதை அவனுக்குச் சொல்ல, நாவற்குழியைக் கடந்த ஓர் அண்ணன் இருக்கவில்லை.

எங்கள் முதலாம் வருட விரிவுரைகளிற் படித்த அகநானூற்றின் நான்காம் பாட்டு அவ்வேளை நினைவில் எழுந்தது. குறுங்குடி மருதனார் பாடிய அம்முல்லைப் பாட்டிலே, போர்வினை முடித்துக் காதலியிடம் விரையும் தலைவன், பூக்களில் தேனுண்ணும் வண்டுகள் கலங்குமே என அஞ்சி, தன் தேரின் மணிகளினுடைய நாவைக் கட்டிவிடுகின்றான். அதனைப் புலவரின் மிகையான கற்பனையென்றே பரீட்சையில் எழுதினேன். விரைவதற்கு எல்லாக் காரணமும் உள்ளவன் தன் விரைவைப் பிறருயிர்க்கு ஊறில்லாததாக்க முனைவதே அங்குள்ள வீரம் என்பது அவ்வீதியிலேதான் எனக்கு விளங்கிற்று.

கூடர்ஹாம் என்னும் சிற்றூரில் வண்டியை நிறுத்தியபோது என் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அன்றிரவு அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, நடந்ததை ஒளிக்காமற் சொன்னேன்.

நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, “எவ்வளவு வேகத்திலை ஓடினனீ?” என்று கேட்டார்.

“எண்பது. ஒருக்காக் கொஞ்சம் கூடிட்டுது, உடனை குறைச்சிட்டன்.”

மீண்டும் மௌனம். ஏச்சை எதிர்பார்த்திருந்தேன். அம்மா சொன்னது வேறு: “அவன்ரை தாய் நேற்றுச் சந்தையிலை என்னைக் கண்டவ. நீ எப்ப வாறாய் எண்டு விசாரிச்சவ.”

ஐந்து ஆண்டுகளாக நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. அவன்மீது கொண்ட கோபத்தோடு அந்தத் தாயின் முன் எவ்வாறு நிற்பது என்று தெரியாமல் விலகியே இருந்துவிட்டேன்.

ஊர் திரும்பிய மறுநாள் அப்பாவிடம் எம்.டி. 90ஐக் கேட்டு வாங்கினேன். நண்பனின் ஒழுங்கையில் இரண்டு சிறுவர்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தனர். முதற் கியரிலேயே, பின்பிறேக்கைச் சற்று மிதித்தபடி, அவன் வீட்டுப் படலையைப் பார்த்துக்கொண்டு மெதுவாக ஓட்டிச் சென்றேன்.